குமுதாவின் இரண்டாவது மஜ்ஜை

ஒரு குடத்துத் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினால் ஒன்றில் மட்டும் மீன் இருக்குமா? பூங்கோதையின் மேசையில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரே கண்ணாடிக் கலத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பைகளில் திரவம் பிடித்தாள். காரமடையில் தன் மேசையிலேயே வைத்து அவள் எண்ணிய பையில், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் தேடினாலும் கிடைக்கவில்லை. அதன் ஜோடிப் பை சரிபார்ப்புக்காக மலையேறிக் கோத்தகிரிப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து ஃபோன் வந்தது. "நல்லா வந்திருக்குதுங்க மேடம். பை நிறையத் தட்டணு."

வழியில் யாரும் பையைத் திறக்கவில்லை. முத்திரை அப்படியே இருந்தது.

எல்லாப் பைகளிலும் இப்படி நடந்திருந்தால்கூட ஒரு வழி பிறந்திருக்கும். மலைக் குளிர், காற்றழுத்தம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சில நாள் கோத்தகிரியிலும் ஒன்றுமில்லை என்றார்கள். அதே மலை, அதே குளிர், அதே கருவி.

"அவங்களுக்கு எண்ணத் தெரியலை அம்மணி, விடு" என்றார் சென்னியப்பன்.

"அப்படீன்னா எல்லா நாளும் தப்பா எண்ணணுமே அண்ணா. சில நாள் மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?"

சென்னியப்பன் பம்ப்செட் செய்கிறவர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அவருடைய பம்பை அடையாளம் காட்ட ஒரு வழி உண்டு. ஓடுகிற பம்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார், விழாது. வாங்க வந்தவர்கள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன் நாணயத்தைத்தான் பார்ப்பார்கள். அவருடைய பட்டறையின் பின்கட்டில்தான் பூங்கோதையின் ஆய்வகம் இருந்தது. செல்களை வளர்ப்பது அவள் பொறுப்பு, திரவத்தை ஓட்டுவது அவர் பொறுப்பு. இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்த பொருளுக்கு மஜ்ஜைக்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இட்லிக் குண்டான் அளவுள்ள கண்ணாடிப் பாத்திரம். உள்ளே கடற்பஞ்சுபோல் ஓட்டைகள் நிறைந்த ஒரு செயற்கை எலும்பு. அதன் ஓட்டைகளில் உயிருள்ள மஜ்ஜை.

அந்த மஜ்ஜை குமுதாவுடையது.

குமுதா, பெண்கள் பள்ளி ஒன்றின் வாலிபால் பயிற்சியாளர். சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய எலும்புகளுக்குள் இருந்த மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது. ரத்தம் உற்பத்தியாகவேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. தம்பி தீரனின் மஜ்ஜையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை. சிவப்பணுக்களை யாரிடமிருந்தாவது வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். அவை மாதக்கணக்கில் உழைக்கும். தட்டணுக்கள் அப்படி இல்லை. ஒரு வாரம், பத்து நாளுக்குமேல் தாங்காது. அதோடு, முன்பின் தெரியாதவர்களின் தட்டணுக்களை ஏற்றினால் குமுதாவின் உடம்பு அடித்துத் துரத்திவிடும். தீரனுடையதை மட்டும்தான் விட்டுவைத்தது. ஆகவே வாராவாரம் தீரன் வந்து கையை நீட்டினான்.

அன்று மதியம் குமுதா கலத்தைப் பார்க்க வந்தாள். முழங்கையில் பெரிய ஊதா நிறக் கன்றல்.

"என்னாச்சு?" என்றாள் பூங்கோதை.

"ஒண்ணுமில்லைங்க. கதவு என்மேல சாஞ்சுது." நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். "எப்படி இருக்கறா என் சின்ன எலும்பு? சாப்பிடறாளா?"

"நல்லாச் சாப்பிடறா. வேலைதான் செய்ய மாட்டேங்கறா."

"என்னையே உரிச்சு வச்சிருக்கறா, போங்க."

பூங்கோதை சிரித்தாள். இந்தக் கலத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். குமுதாவின் தோலில் ஒரு கிள்ளு எடுத்தது, அந்தச் செல்களை மருந்து கொடுத்துக் கருவிலிருந்த பருவத்துக்குத் திருப்பி நடத்தியது, பிறகு அங்கிருந்து மஜ்ஜையாக வளரச் சொன்னது எல்லாம் குமுதாவுக்கு முன்பே தெரியும். ஆனாலும் கேட்பாள், கேட்டால் பூங்கோதையின் முகம் மலரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சிவப்பணு வந்துருச்சுன்னீங்களே?"

"அழகா வந்துது. அது ஒரு வேடிக்கை தெரியுமா? சிவப்பணு மஜ்ஜையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி தன்னோட உட்கருவையே தூக்கி வெளிய போட்டுரும். ஆக்சிஜன் சுமக்க இடம் வேணுமில்ல? வீட்டைக் காலி பண்ணி கிடங்கா ஆக்கற மாதிரி. போட்டதைத் திங்கறதுக்குப் பக்கத்துலயே இன்னொரு செல் காத்துட்டு உக்காந்திருக்கும். அது இங்கயும் நடக்குது. வெள்ளணுவும் வருது. தட்டணு மட்டும்தான் வரலை."

"அது எப்படி வரணும்?"

"தட்டணு தனியாப் பொறக்கறதில்லை குமுதா. ஒரு தாய்ச்செல் இருக்கும். மஜ்ஜையிலயே பெரிய ஆள் அதுதான். ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். குழாய்ச் சுவர்ல இருக்கற சந்து வழியா விரலை உள்ள விடும். நீளமா, மணி கோத்த மாதிரி விரல். உள்ள ரத்தம் ஓடுதில்ல, அந்த ஓட்டம் விரலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துட்டுப் போகும். அந்தத் துண்டுதான் தட்டணு. எங்காவது காயம் பட்டா ஓடிப்போய் அடைக்கறது இந்தத் துண்டுகதான்."

"இவ விரலை நீட்டலையா?"

"நீட்டறா. அதுதான் எனக்குப் புரியலை. நீட்டிட்டு அப்படியே உக்காந்திருக்கறா."

குமுதா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "தீரனுக்குப் போர்ச்சுகல்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க" என்றாள்.

தீரன் ரேலி கார் ஓட்டுபவன். காடு, மலை, மண் சாலை என்று கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுகிற பந்தயம். கோயம்புத்தூரில் அந்தக் கிறுக்குப் பிடித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களிலும் வெளிநாட்டு அணி ஒன்று அழைப்பது எப்போதாவது நடக்கிற காரியம்.

"எங்கிட்டச் சொல்லலைங்க. அவன் சிநேகிதன் உளறிட்டான். வர்ற திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னுதான் சொல்லப் போறான். ஒரு வருஷம் அங்கயே இருக்கணுமாம், வாராவாரம் அவன் கை எப்படிப் போர்ச்சுகல்ல இருந்து இங்க நீளும்?" அவள் கன்றலைத் தடவிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா? அவன்கூட நல்லாச் சண்டை போட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? மாத்திரை போடாதடா, குடிக்காதடா, காய்ச்சல் வரவச்சுக்காதடான்னு எல்லாரும் அவனைக் கறவை மாடு மாதிரிப் பாத்துக்கறாங்க. நான் எந்த மூஞ்சியை வச்சுட்டு அவனைத் திட்டறது? நான் சொல்லிட்டேன். போகலைன்னா இனிமே உன் பை எனக்கு வேண்டாம்னுட்டேன்."

"குமுதா, அது விளையாட்டில்லை."

"நானும் விளையாட்டாச் சொல்லலைங்க" என்றாள் குமுதா.

அவள் போனபின் பூங்கோதை கோத்தகிரிக்கு ஃபோன் செய்தாள். அங்கே எண்ணுகிற பெண்ணிடம், தட்டணு நிறைந்த பைகளுக்கும் மற்றவற்றுக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று கேட்டாள். பையில் ஒன்றுமில்லை என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, "கொண்டு வர்றவங்கதான் வேற" என்றாள். "சில நாள் கூரியர்காரர் பெட்டியோட வருவாரு. சில நாள் ஒரு தம்பி, வாசல்ல வண்டியை ஒரே சுத்துல திருப்பி நிறுத்துவாரு. அவரு கொண்டு வந்தா நல்லா இருக்குதுங்க மேடம்."

அந்தத் தம்பி தீரன்தான். கோத்தகிரி மலைப்பாதையில் பயிற்சிக்குப் போகிற நாட்களில், "நானே குடுத்துட்டுப் போறேங்க" என்று பையை வாங்கிக்கொள்வான்.

பூங்கோதை ஃபோனை வைத்தாள். மனதுக்குள் வேண்டாத ஒரு நினைப்பு எழுந்தது. தட்டணு கொடுத்துப் பழகியவன். அவன் கொண்டுபோனால் மட்டும் பை நிறைகிறது. அக்காவுக்கு நம்பிக்கை வரட்டும் என்றோ, தான் கிளம்ப வழி பிறக்கட்டும் என்றோ, முத்திரையை எப்படியோ பிரித்து ஒட்டி, தன்னுடையதையே பையில் கலந்து...?

சென்னியப்பனிடம் சொன்னாள். அவர் கோபப்பட்டார். "அந்தப் பையன் அப்படிச் செய்வானா? பாத்துச் சொல்லு அம்மணி."

பார்ப்பதற்கு வழி இருந்தது. தீரனின் ரத்தம் ஓ வகை, குமுதாவுடையது பி வகை. தட்டணுக்களின் மேற்பரப்பிலும் அந்த அடையாளம் மெலிதாக ஒட்டியிருக்கும். கோத்தகிரியில் மிச்சமிருந்த பையை வரவழைத்துப் பார்த்தாள். எல்லாம் பி. குமுதாவின் மஜ்ஜை பெற்ற பிள்ளைகள்தான். பூங்கோதைக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்கவேண்டும் போலவும் இருந்தது. கலத்துக்கு வேலை செய்யத் தெரியும், எதற்காகவோ காத்திருக்கிறது.

மறுநாள் தீரனைக் கூப்பிட்டு, பையை எப்படிக் கொண்டுபோகிறான் என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. அண்ணன் செஞ்சு குடுத்த பெட்டி என் வண்டில உக்கார மாட்டேங்குதுங்க. பக்கத்து சீட்டுப் பையில அப்படியே செருகிக்குவேன்."

அந்தப் பெட்டியைச் சென்னியப்பன் ஆசை ஆசையாகச் செய்திருந்தார். உள்ளே வளையத்துக்குள் வளையம். பேருந்து எப்படிச் சாய்ந்தாலும் பை சாயாது. கூரியர்காரர் அதில்தான் கொண்டுபோவார்.

"திரவத்தோட கொஞ்சம் தாய்ச்செல்லும் பைக்குள்ள போகுதில்ல, அது வழியில குலுங்கியிருக்குது!" என்றாள் பூங்கோதை. "அண்ணா, நீங்க கலத்தைத் தூங்க வச்சுட்டீங்க. நம்ம பம்புல அலையே இல்லை. விரலைக் கிள்ள அங்க யாரிருக்கா?"

சென்னியப்பன் முகம் சுருங்கியது. ஆனாலும் வாதாடவில்லை. குலுக்குகிற மேடை ஒன்றை அன்றே பொருத்தினார். ஒரு சிறிய கலத்தை அதில் வைத்து ஓடவிட்டார்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது தாய்ச்செல்கள் உடைந்து கஞ்சியாகிக் கிடந்தன. வேகத்தைக் குறைத்தார்கள். செல்கள் பிழைத்தன, தட்டணு வரவில்லை. கூட்டினால் கஞ்சி, குறைத்தால் தூக்கம். இடையில் எங்கும் நிற்கவில்லை.

"பையனோட வண்டில மட்டும் அப்படி என்ன குலுக்கு?" என்றார் சென்னியப்பன்.

அதைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. சனிக்கிழமை காலை பூங்கோதை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தீரனின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நான்கு பட்டைகளால் அவளை இருக்கையோடு கட்டினான். மடியில் ஒரு பை.

"வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிருங்க" என்றான் தீரன்.

"வந்த பொறகு சொன்னா ஆகாதா?"

மேட்டுப்பாளையம் தாண்டும்வரை வண்டி சாதாரணமாகப் போயிற்று. மலை தொடங்கியதும் பூங்கோதை ஒருமுறை கண்ணை மூடினாள். ஏதோ ஒரு கை தன்னை இடதுபக்கம் மெல்லச் சாய்ப்பதுபோல் இருந்தது; அது முடிவதற்குள் வலதுபக்கம். அடுத்த வளைவு பெரிது, அதற்கடுத்தது சிறிது. தூக்கிப் போடவே இல்லை. பயத்தை மறந்து அவள் கண்ணைத் திறந்தாள்.

"நீ குலுக்கவே மாட்டேங்கறயே தீரா."

"குலுங்கினா டயர் தரையை விட்டுருங்க. தரையை விட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது. நான் சாய்க்கறேன், அவ்வளவுதான்."

பாதி மலையில், குரங்குகள் உட்கார்ந்திருந்த ஒரு தடுப்புச்சுவர் ஓரம் நிறுத்தச் சொன்னாள். பையை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நல்ல தட்டணுக்கள் இருக்கிற பையை வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்தால், உள்ளே பட்டுப்புடவை புரள்வதுபோல் ஒரு மினுமினுப்பு ஓடும். கிளம்பும்போது பை வெறும் கலங்கலாக இருந்தது. இப்போது லேசாக, ஓரத்தில், பட்டு புரண்டது.

"மறுபடி ஓட்டு. மெதுவா வேண்டாம், எப்பவும் போல ஓட்டு" என்றாள்.

இந்த முறை அவள் சாலையைப் பார்க்கவில்லை. பையையே பார்த்தாள். வண்டி வளையும்போது திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அடுத்த வளைவில் திரும்பி வந்தது. வரும் வழியில் பையின் வாய்க்குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. திரவம் அதில் முட்டி, அதற்குப் பின்னால் குட்டிக் குட்டியாகச் சுழன்றது. குலுக்கல் இல்லை. சுழல்.

கோத்தகிரி வந்ததும் பை நிறையப் பட்டு. பூங்கோதை பையைத் தீரன் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

சென்னியப்பன் முழுவதையும் கேட்டார். பிறகு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"சுழலா?" என்றார். "அம்மணி, பம்புக்குள்ள சுழல் வரக்கூடாதுன்னுதான் நான் பொழைச்சுட்டு வர்றேன். ஒவ்வொரு வளைவையும் தேச்சுத் தேச்சு, எங்கயும் தண்ணி முட்டாம, திரும்பாம... இப்ப நீ அதையே கொண்டாங்கறே."

"கெட்ட பம்பு செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

"கேட்டே பாரு ஒரு கேள்வி" என்றார் அவர். ஆனால் கை ஏற்கெனவே பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது. "பவானில பாறைக்குப் பின்னால தண்ணி சுத்துமில்ல, பாத்திருக்கறயா? ஆத்தை ஆட்டவேண்டாம். பாறையை வச்சாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டறை ஓடியது. கலத்தின் உள்ளே, எலும்புக்கு மேலாக, ஓட்டைகள் போட்ட மெல்லிய துடுப்பு ஒன்றைத் தொங்கவிட்டார். அது இடமும் வலமுமாகச் சீராக அசைந்தது. மதியம் எண்ணினார்கள். தட்டணுக்கள் வந்திருந்தன. ஆனால் துடுப்பின் இரண்டு ஓரங்களில் இருந்த தாய்ச்செல்களிடமிருந்து மட்டும். நடுவில் இருந்தவை விரலை நீட்டியபடி சும்மா உட்கார்ந்திருந்தன.

"ஒரே மாதிரி ஆடினா சுழல் ஒரே இடத்துலதான் விழும்" என்றாள் பூங்கோதை. "மலையில ரெண்டு வளைவு ஒண்ணுபோல இருக்கறதில்லை. அதனாலதான் அங்க எல்லாத்துக்கும் கெடைச்சுது."

"அப்படீன்னா மலையைத்தான் கொண்டு வரணும்" என்றார் சென்னியப்பன், அலுப்போடு.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீரனுடைய வண்டியில் ஒரு கருவி உண்டு. வண்டி எந்த நொடியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்து வைத்திருக்கும். பயிற்சி முடிந்ததும் போட்டுப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வான். சனிக்கிழமை ஓட்டமும் அதில் இருந்தது. சென்னியப்பன் அந்தப் பதிவை வாங்கித் துடுப்பின் மோட்டாருக்குக் கொடுத்தார். துடுப்பு ஒரு கணம் தயங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டது.

திங்கள் காலை பூங்கோதை கலத்திலிருந்து ஒரு பை பிடித்து ஜன்னலருகே சாய்த்தாள். பை முழுக்கப் பட்டு புரண்டது. எண்ணக்கூட வேண்டியதில்லை; ஆனாலும் எண்ணினாள், ஆசைக்காக.

அன்றே பை மருத்துவமனைக்குப் போனது. முறைப்படி பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குமேல் டாக்டர் குமுதாவுக்கு ஏற்றினார். ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். எண்ணிக்கை ஏறியிருந்தது. தீரனுடைய பை போட்டால் ஏறுவதைவிட நன்றாக ஏறியிருந்தது. தன் வீட்டுப் பிள்ளைகளை அந்த உடம்பு துரத்தவில்லை.

பக்கத்து நாற்காலியில் சட்டைக் கையை மடக்கிவிட்டபடி தீரன் உட்கார்ந்திருந்தான். ஒருவேளை இது சரிப்படாமல் போனால் தான் தயாராக இருக்கவேண்டும் என்று வந்திருந்தான்.

"கையை இறக்குடா" என்றாள் குமுதா. "ஃபோனை எடு. வர்றேன்னு சொல்லு அவங்களுக்கு."

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாங்க்கா..."

"ரெண்டு வாரம் பாத்துட்டு? மட்டி மட்டி, அதுக்குள்ள அங்க வேற ஒருத்தன் உன் சீட்டுல உக்காந்துருவான். எந்திரி, உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. இப்பத்தான் புதுசா ஏத்தியிருக்கறாங்க, வீணாக்காதே."

தீரன் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா தன்னைத் திட்டுகிறாள். அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வராந்தாவுக்குப் போய்த்தான் ஃபோன் பேசினான்.

அவன் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தபின் ஒரு நாள், திருப்பூரிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் பட்டறைக்கு வந்தார்கள். மகளுக்கும் இதே நோய்; தகப்பன் கையை நீட்டி நீட்டி இளைத்திருந்தார். குமுதா அன்று பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். இப்போது அவள் ஆடுகளத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவதில்லை. வலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

"இது எப்படிங்க வேலை செய்யுது?" என்று கேட்டார் அந்தத் தகப்பன்.

பூங்கோதை ஆவலோடு வாயைத் திறந்தாள். குமுதா முந்திக்கொண்டாள்.

"உள்ள இருக்கறது என் மஜ்ஜைங்க. தாய்ச்செல் விரலை நீட்டும். பம்பு திரவத்தை மெதுவா ஓட்டும். மேல இருக்கற துடுப்பு, என் தம்பி கோத்தகிரி மலையில வண்டி ஓட்டின மாதிரியே சாயும். ஒரு சாய்வு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதனால சுழல் எல்லா மூலைக்கும் போகும். சுழல் விரலைக் கிள்ளும். கிள்ளின துண்டு தட்டணு. ஒரு நாள் ஓடினா ஒரு பை, எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். யாரும் கையை நீட்டவேண்டியதில்லைங்க."